முகம் தெரியாதவருக்கு முதல் வரி

கைபேசியில் 'செய்திக் கோரிக்கைகள்' என்று ஒரு மூலை இருக்கிறது. அறிமுகம் இல்லாதவர்கள் அனுப்புவதெல்லாம் அங்கேதான் போய் விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து கூட்டிப் பெருக்குவது என் வழக்கம். இரண்டு வருடம் முன்பு ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 41. வெறும் 'ஹாய்' 17. 'ஹாய் சார்' 6. 'சாப்டாச்சா' 4. கைகூப்பிய படம் 5. கடன் வேண்டுமா, பங்குச் சந்தையில் சேர்கிறீர்களா என்று 7. ஒன்று திட்டு. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றை அப்படியே தருகிறேன். ஊரில் தூர்ந்து கிடக்கும் ஒரு கிணற்றின் படத்தை நான் வெளியிட்டிருந்தேன். அதைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்:

"கிணற்று மேட்டில் நிற்கும் இரண்டு கல்தூண்களின் தலையிலும் ஒரு பள்ளம் தெரிகிறதே, கமலை உருளை உட்கார்ந்த இடம்தானே? எங்கள் கொங்குப் பக்கம் கவலை என்போம். எங்கள் ஊரில் மாடுகள் திரும்பாமல் பின்னாலேயே நடந்து மேடேறி வரும். சில ஊர்களில் வடத்தைக் கழற்றிவிட்டு மாட்டைத் திருப்பி ஓட்டி வருவார்களாம். உங்கள் ஊரில் எப்படி? நேரம் இருந்தால் எழுதுங்கள்."

கமலை என்பது மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்பாடு. அன்றிரவே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நாற்பது பேருக்கு வாய் திறக்காதவன் இவருக்கு மட்டும் ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரைக்கு விதை. இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நல்ல பேச்சைத் தொடங்குவது எப்படி, அது ஏன் இவ்வளவு அபூர்வமாக நடக்கிறது, ஆய்வாளர்கள் இதுபற்றிக் கண்டதென்ன, அதில் நமக்குப் பொருந்துவது எவ்வளவு என்று ஒருசேரப் பார்த்துவிடலாம்.

வழியில் கண்டவரோடு பேச்சு

கேள்வி பழையது. தமிழில் இதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையைத் தனியே வைத்துவிட்டால், மற்ற நான்கிலும் நடப்பது ஒன்றுதான்: பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனை வழியில் காண்கிறான்; பேச்சுக் கொடுக்கிறான்.

எப்படிப் பேச்சுக் கொடுக்கிறான் என்பதுதான் நமக்கு வேண்டியது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வருபவன் கையில் இருக்கும் யாழை உறுப்பு உறுப்பாக வருணித்துத் தொடங்குகிறது பாட்டு. அடுத்து அவனுடைய அலைச்சலும் அவன் சுற்றத்தின் பசியும். அதற்கப்புறம், தானும் அப்படி இருந்தவன்தான் என்கிற சொந்தக் கதை. கடைசியில்தான் வழி: எந்த நிலத்தில் யாரைச் சந்திப்பாய், அவர்கள் என்ன சோறு போடுவார்கள், அரசன் தொண்டைமான் இளந்திரையன் எப்படி வரவேற்பான். ஊர், பேர் விசாரணையோடு பேச்சு தொடங்குவதில்லை. எதிராளியின் கையில் இருப்பதைக் கண் திறந்து பார்த்ததோடு தொடங்குகிறது. கல்தூணின் பள்ளத்தைக் கவனித்த அந்தக் கொங்கு நண்பர் ஆற்றுப்படை படித்தவரா என்று தெரியாது. செய்தது அதைத்தான்.

இன்னொரு முன்னோடி, அமெச்சூர் ரேடியோ. 'சிக்யூ' என்று காற்றில் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் பதில் சொல்லலாம். பதில் வந்ததும் முதலில் பரிமாறிக்கொள்வது அழைப்புக் குறியும், உங்கள் குரல் இங்கே எவ்வளவு தெளிவாக விழுகிறது என்ற மதிப்பெண்ணும். பெயரும் ஊரும் அதற்குப் பிறகு. அரசியலும் மதமும் பேசுவதில்லை என்பது அந்த வட்டாரத்தின் நெடுநாள் மரபு. 'நீங்கள் எனக்கு இப்படிக் கேட்கிறீர்கள்' என்று தொடங்கும் உரையாடல், யோசித்துப் பார்த்தால், வெறும் தொழில்நுட்பத் தேவையைத் தாண்டிய நாகரிகம்.

பேனா நட்பு மூன்றாவது. பின்லாந்தின் துர்க்கு நகரிலிருந்து இயங்கிய ஓர் அமைப்பு 1952 முதல் 2008 வரை பல நாட்டுப் பிள்ளைகளுக்கு முகவரி தேடித் தந்தது. வயது, மொழி, பொழுதுபோக்கு என்று படிவத்தில் குறித்து அனுப்பினால் பொருத்தமான ஒருவர் கிடைப்பார். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றால் யாரும் அதில் 'ஹாய்' என்று மட்டும் எழுதி அஞ்சல்தலை ஒட்டமாட்டார்கள். செலவு அதிகமாக இருந்ததால் முதல் வரிக்கு மதிப்பு இருந்தது.

திரையில் வந்த அந்நியர்கள்

1973-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையில் 'டாக்கோமேட்டிக்' என்ற அரட்டை நிரல் வந்தது. ஒரு சமயத்தில் ஐந்து பேர் பேசலாம். தட்டத் தட்ட எழுத்துகள் எல்லோர் திரையிலும் விழும். 1988-இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதிய ஐ.ஆர்.சி. அரட்டையை உலகளாவியதாக்கியது.

நம் ஊருக்கு இந்த அலை வந்தது பிரௌசிங் சென்டர்கள் வழியாக. மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து யாஹூ அரட்டை அறையில் நுழைந்தால் முதலில் வரும் கேள்வி 'ஏ.எஸ்.எல்?' வயது, பால், ஊர். உலகம் முழுவதும் ஒரே கேள்வி. பதில் பிடித்திருந்தால் பேச்சு. பிடிக்காவிட்டால் அடுத்த ஆள். அந்த மூன்றெழுத்தில் ஒரு சல்லடை இருந்தது, உரையாடல் இல்லை. பிறகு ஆர்குட் என்ற சமூக வலைத்தளம். 2004-இல் தொடங்கி 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. இந்தியாவில் அது ஓடிய ஓட்டம் பலருக்கு நினைவிருக்கும். அதில் பழைய பாட்டு, ஊர்ப் பள்ளி, கிரிக்கெட் என்று குழுக்கள் இருந்தன. முன்பின் தெரியாத இருவருக்குப் பொதுவாக ஒரு பொருள் அங்கே தயாராக இருந்தது.

அந்தப் பொதுப்பொருளையும் உருவிவிட்டால் என்ன மிஞ்சும் என்பதைக் காட்டியது ஒமேகல். அமெரிக்காவில் 18 வயது இளைஞர் லீஃப் கே-புரூக்ஸ் 2009 மார்ச்சில் தொடங்கியது. பெயர் இல்லை, கணக்கு இல்லை. பொத்தானை அழுத்தினால் உலகத்தில் யாரோ ஒருவர். பல நல்ல உரையாடல்கள் அங்கே நடந்திருக்கின்றன. ஆனால் அடுத்த ஆளுக்குத் தாவ ஒரு பொத்தான் போதும் என்ற இடத்தில் யாருக்கும் யாரும் பொறுப்பில்லை. சிறுமியாக இருந்தபோது அங்கே ஒரு குற்றவாளியிடம் சிக்கிச் சீரழிந்த ஒரு பெண் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2023 நவம்பரில் ஒமேகல் மூடப்பட்டது.

இந்த ஐம்பதாண்டு வரலாற்றில் ஒரு சரடு தெரிகிறது. அந்நியரை எட்டும் செலவு குறையக் குறைய முதல் வரியின் மதிப்பும் குறைந்திருக்கிறது.

தயக்கம் எங்கிருந்து வருகிறது

அந்நியரிடம் பேச யாருக்கும் விருப்பமில்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு உளவியலாளர்கள் சிகாகோவின் புறநகர் ரயிலிலும் பேருந்திலும் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரரோடு பேசினால் பயணம் எப்படி இருக்கும் என்று கேட்டபோது, தனியாக இருப்பதைவிட மோசமாக இருக்கும் என்றார்கள் பயணிகள். உண்மையிலேயே பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களோ இனிமையான பயணம் என்று சொல்லி இறங்கினார்கள். சிகாகோ மனிதர்களே கலகலப்பானவர்கள் என்ற ஆட்சேபம் எழுந்தது. பேசாமல் வருவதற்குப் பேர்போன லண்டன் ரயிலில் அதே சோதனையைச் செய்து 2021-இல் வெளியிட்டார்கள். முடிவு மாறவில்லை.

இதற்குத் துணை நிற்கும் இன்னொரு ஆய்வு 2018-இல் வந்தது. எரிகா பூத்பி முதலானோர் செய்தது. முன்பின் தெரியாத இருவர் பேசி முடித்த பின், 'அவரை எனக்குப் பிடித்த அளவுக்கு அவருக்கு என்னைப் பிடித்திருக்காது' என்றே இருவரும் நினைக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அப்படி நினைத்தால் இரண்டு பேர் கணக்கும் தப்புதானே.

நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இவை பெரும்பாலும் நேருக்கு நேர் நடந்த பேச்சுகள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தவை. ரயிலில் பக்கத்தில் இருப்பவரின் கையில் டிபன் பாக்ஸ் இருக்கிறதா, கண் சொக்குகிறதா என்று பார்த்துப் பேச்சை ஆரம்பிக்கலாம், நிறுத்தலாம். திரையில் அந்த வசதி இல்லை. ஆகவே 'அந்நியர்கள் நினைப்பதைவிட நல்லவர்கள்' என்ற முடிவை இணையத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது.

எழுத்தில் குரல் கேட்பதில்லை

எழுத்தில் என்ன விட்டுப்போகிறது என்பதை ஜஸ்டின் குரூகர், எப்லி முதலானோர் 2005-இல் அளந்து காட்டினார்கள். மின்னஞ்சலில் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பெறுபவர் 100-க்கு 78 முறை சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் மதிப்பிட்டார்கள். நடந்தது 56. காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அது கூடவே போய்ச் சேரும் என்று நம்பிவிடுகிறோம்.

இந்தக் குறையைக் கணினிக்காரர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1982 செப்டம்பர் 19 அன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளியையும் இடைக்கோட்டையும் அடைப்புக்குறியையும் சேர்த்துச் சிரிப்பு முகம் ஒன்றை முன்மொழிந்தார். நகைச்சுவை எது, நிஜம் எது என்று சண்டை வராமல் இருக்கத்தான். இன்று நாம் போடும் மஞ்சள் முகங்களுக்கு அது மூதாதை.

முகம் மறைவதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். ஜான் சூலர் 2004-இல் எழுதிய கட்டுரை, இணையத்தில் மனிதர்களின் கட்டு அவிழ்வதற்கு ஆறு காரணங்களைப் பட்டியலிடுகிறது. பெயர் மறைவு, உருவ மறைவு, உடனே பதில் சொல்ல வேண்டாம் என்ற நிலை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கட்டு அவிழ்ந்தவர்களில் சிலர் மனம் திறக்கிறார்கள்; சிலர் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதே சூலரின் வாதம். ஜோசப் வால்தர் 1996-இல் இதன் நல்ல பக்கத்தை எடுத்துக் காட்டினார். எழுதுபவருக்கு யோசிக்கவும் திருத்தவும் நேரம் இருப்பதால், நேர்ப்பேச்சில் கிடைக்காத நெருக்கமும் எழுத்தில் பிறக்கலாம் என்றார். மேடைக் கூச்சம் உள்ள எத்தனையோ பேர் கடிதத்தில் வேறு மனிதர்களாக இருப்பதை நாம் அறிவோம்.

முதல் வரியை ஆராய்ந்தவர்கள்

மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் ஒரு கருத்தைச் சொன்னார். 'என்ன, சௌக்கியமா', 'நல்ல வெயில்' போன்ற பேச்சுகள் தகவல் சொல்வதற்காக அல்ல. நீயும் நானும் ஒரே இடத்தில் இருக்கிறோம் என்று உறுதி செய்துகொள்வதற்காக. பாலத்தடியில் இருவர் மழைக்கு ஒதுங்கும்போது 'விடுற மாதிரி தெரியல' என்று ஒருவர் சொல்வது அதுதான். அந்த வாக்கியம் வேலை செய்வதற்குக் காரணம், மழை இருவர் மேலும் பெய்கிறது. இணையத்தில் பொது மழை கிடையாது. அங்கே 'ஹாய்' என்பது ஒதுங்கிய இடத்தில் சொன்ன சொல்லாக இருப்பதில்லை. வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பது போல ஆகிவிடுகிறது. யார், எதற்கு என்று கேட்கும் வேலை கதவைத் திறந்தவர் தலையில் விழுகிறது.

ஓகேகியூபிட் என்ற துணை தேடும் தளம் 2009-இல் தன்னிடம் குவிந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முதல் செய்திகளை அலசிப் பார்த்தது. வெறும் 'ஹாய்' வகை வணக்கங்களுக்குப் பதில் குறைவு. அழகைப் புகழ்ந்தவற்றுக்கும் குறைவு. எழுத்துகளை விழுங்கிச் சுருக்கி எழுதியவற்றுக்கும் குறைவு. 'நீங்கள் எழுதியிருந்தீர்களே', 'இதைக் கவனித்தேன்' என்று எதிராளியின் பக்கத்திலிருந்து ஒரு நுனியைப் பற்றிக்கொண்டு வந்தவற்றுக்குப் பதில் கிடைத்தது. துணை தேடும் இடத்துக் கணக்கை எல்லா இடத்துக்கும் நீட்டக்கூடாதுதான். ஆனாலும் யாழிலிருந்து தொடங்கிய பாணனை ஒரு புள்ளிவிவரம் ஆமோதிப்பது சுவாரசியமானது.

அடுத்தது கேள்வி. ஹார்வர்டைச் சேர்ந்த கேரன் ஹுவாங், ஆலிசன் வுட் புரூக்ஸ் முதலானோரின் 2017 ஆய்வு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. முன்பின் தெரியாதவர்களைத் திரைவழியே 15 நிமிடம் அரட்டை அடிக்கவிட்டுப் பார்த்தார்கள். சிலரிடம் குறைந்தது ஒன்பது கேள்வி கேட்கச் சொன்னார்கள். சிலரிடம் நான்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அதிகம் கேட்டவர்களையே எதிராளிக்கு அதிகம் பிடித்திருந்தது. அதிலும் பிடித்துப்போனதற்குக் காரணம் தொடர்கேள்வி: எதிராளி சொன்ன பதிலிலிருந்தே எழும் அடுத்த கேள்வி. பட்டியல் வைத்துக்கொண்டு கேட்பவன் கணக்கெடுப்புக்கு வந்தவன் மாதிரி. பதிலைக் கேட்டுவிட்டு அதற்குள்ளிருந்து கேட்பவன் விருந்தாளி.

ஆர்தர் ஆரன் முதலானோரின் 36 கேள்விகள் பலருக்குத் தெரிந்திருக்கும். 1997-இல் வந்த அந்த ஆய்வில் அறிமுகமில்லாத இருவர் முக்கால் மணி நேரம் மாறி மாறிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், நெருக்கம் கூடியது. பின்னாளில் பத்திரிகைகள் இதைக் காதல் வசிய மருந்தாக்கிவிட்டன. ஆய்வின் சாரம் வேறு. கேள்விகள் படிப்படியாக ஆழம் போகின்றன. இருவரும் பதில் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் சட்டையைக் கழற்றும் ஏற்பாடு அதில் இல்லை.

மேலே சொன்னவற்றைவிட என்னை அதிகம் உறுத்தியது 2018-இல் வந்த ஓர் ஆய்வு. கார்னெல் பல்கலைக்கழகத்தினரும் விக்கிமீடியா அறக்கட்டளையினரும் சேர்ந்து விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு வசையில் முடிந்த உரையாடல்கள், கடைசிவரை மரியாதையாக நடந்தவை என இரண்டு வகை. முதல் இரண்டு செய்திகளை மட்டும் காட்டி, இது எப்படி முடியும் என்று மனிதர்களைக் கேட்டார்கள். 72 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். சண்டை தொடங்குமுன்பே சண்டையின் வாடை வந்துவிடுகிறது. கெட்டுப்போன உரையாடல்களின் தொடக்கத்தில் எடுத்த எடுப்பில் 'நீ' என்று எதிராளியைச் சுட்டும் வாக்கியங்களும் நேரடிக் குறுக்குக் கேள்விகளும் மிகுதி. நன்றி, வணக்கம், 'எனக்குத் தோன்றுவது' என்பது போன்ற தணிந்த சொற்கள் நல்லபடியாக முடிந்தவற்றில் மிகுதி.

உறுத்தியதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வாளரின் கட்டுரையைப் படித்துப் பரவசப்பட்டு அவருக்கு எழுதினேன். "நீங்கள் ஏன் அந்த இரண்டாவது கல்வெட்டைச் சொல்லாமல் விட்டீர்கள்?" என்பது என் முதல் வரி. பாராட்டு மூன்றாம் பத்தியில் இருந்தது. அவர் அங்கே வரை வந்திருக்க மாட்டார். பதில் இல்லை, இரண்டு நாளில் அவர் பக்கமே எனக்குத் தெரியாமல் போயிற்று. என் காதில் ஆவலாக ஒலித்த கேள்வி அவர் திரையில் குற்றப்பத்திரிகையாக விழுந்திருக்கிறது. அதே விஷயத்தை "உங்கள் கட்டுரையால் அந்தக் கோயிலுக்கு இரண்டாம் முறை போனேன். தெற்குச் சுவரில் இன்னொரு கல்வெட்டையும் பார்த்தேன். அது பிந்தியது என்பதால் விட்டீர்களோ என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கலாம்.

தமிழுக்கு உள்ள தனிச் சிக்கல்கள்

மேற்கண்ட ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழில் முதல் வரி எழுதுபவருக்கு அவற்றில் இல்லாத இடர்கள் சில இருக்கின்றன.

முதலாவது, விளி. ஆங்கிலக்காரர் எல்லோரையும் ஒரே சொல்லால் சுட்டிவிட்டுப் போகலாம். நமக்கு நீ, நீங்கள் என்ற பிரிவு உண்டு. எதிராளியின் வயது தெரியாது. படம் பூவாகவோ நடிகராகவோ இருக்கும். 'நீங்கள்' எப்போதும் பத்திரம். சிக்கல் அதற்கு மேல் ஒட்டும் உறவுச்சொல்லில். அண்ணா, அக்கா, தம்பி, சார், மேடம், ஜி, தோழர், சகோ, ப்ரோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடை. 'தோழர்' அரசியலைச் சொல்லிவிடும். 'ஜி' வேறு அரசியலைச் சொல்லிவிடும். 'சகோ' இணையத் தமிழர்கள் பாலும் வயதும் தெரியாத நிலைக்கென்றே சுருக்கிக்கொண்ட சொல், சிக்கனமான கண்டுபிடிப்பு. முப்பது வயதுப் பெண்ணை 'ஆன்ட்டி' என்றோ முதல் வரியிலேயே 'செல்லம்' என்றோ அழைத்தவர் இரண்டாம் வரி எழுத வேண்டியதில்லை. பெயர் தெரிந்தால் பெயரும் 'அவர்களுக்கு' என்பதும் போதும். உறவை எதிராளி தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது, 'சாப்டாச்சா?' நேரில் இதைவிட அன்பான சொல் நம்மிடம் இல்லை. எதிர் வீட்டுப் பாட்டி கேட்டால் பதிலே தேவையில்லாத வாழ்த்து. அதே சொல்லை முன்பின் தெரியாத பெண்ணின் பெட்டிக்குள் இரவு பதினொரு மணிக்கு அனுப்பினால் அது வேறு சரக்கு. இன்று அது கேலிப்படங்களின் நிரந்தரக் கச்சாப்பொருள் ஆகிவிட்டது. சொல் கெடவில்லை, அதைச் சொல்லும் உரிமையை உறவுதான் தருகிறது.

மூன்றாவதும் கனமானதும், 'உங்களுக்கு எந்த ஊர்?' ரயிலில் தமிழனின் முதல் கேள்வி இதுதான். ஊர் தெரிந்ததும் 'அங்கே எந்தப் பக்கம்?', 'எந்தத் தெரு?', 'குலதெய்வம் எது?' என்று இறங்கும் படிக்கட்டு எங்கே போய் முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் சாதி இல்லாமல் போனது பெரிய சாதனை. பெயரில் கிடைக்காததைச் சிலர் ஊர் விசாரித்துத் தேடுகிறார்கள் என்பது அதன் மறுபக்கம். யாழ்ப்பாணத் தமிழில் 'நீங்கள் எவடம்?' என்பதற்கும் இந்த இரண்டாம் அர்த்தம் உண்டு. அதோடு போர்க்காலம் கண்ட ஒருவருக்கு அந்தக் கேள்வி இன்னும் பழைய பயங்களைக் கிளறலாம். ஆகவே சாதாரண அக்கறையில் கேட்பவரும் ஒன்றைச் செய்யலாம்: கேட்பதற்கு முன் தன்னைச் சொல்லிவிடலாம். கமலைக்காரர் 'எங்கள் கொங்குப் பக்கம்' என்று தன் ஊரைச் சொன்னார். என் ஊரில் மாடு எப்படி நடக்கும் என்றுதான் கேட்டார். ஊரின் பெயரைச் சொல்வதும் விடுவதும் என் விருப்பமாக இருந்தது. சொன்னேன்.

கதவுக்கு உள்ளே இருப்பவர்

இதுவரை கதவைத் தட்டுபவர் பக்கமிருந்து பேசினோம். உள்ளே இருப்பவருக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, கணக்கே வேறு. எனக்கு வந்த 41-இல் தொந்தரவு என்று சொல்லத்தக்கது ஒன்று. என் தங்கை ஒரு சமையல் படம் போட்டால் ஒரே நாளில் அதைவிட அதிகம் வரும். அதில் எது வெகுளி, எது விஷம் என்று பிரிக்கும் உழைப்பு அவளுடையது. அவள் பதில் சொல்லாததைத் திமிர் என்று எண்ணுபவர் அந்த உழைப்பைப் பார்க்காதவர்.

சட்டம் இதில் ஓர் எல்லை போட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவுப்படி, விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் பழக வேண்டித் திரும்பத் திரும்ப அவளைத் தொடர்புகொள்ளும் ஆணின் செயல் பின்தொடர்தல் என்ற குற்றம். இணையத்தில் அவளைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். முதல்முறை குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை. சட்டம் சொல்வதற்கு வெகுமுன்னாலேயே நாகரிகம் நிறுத்திக்கொள்ள வேண்டும். பதில் வராத செய்திக்கு ஒரு நினைவூட்டல், அதுவும் வேலை விஷயமானால் மட்டும். அதற்கு மேல் மௌனமே பதில்.

மோசடிக்காரர்களும் நல்ல முதல் வரியைக் கற்றிருக்கிறார்கள். 'மன்னிக்கவும், தப்பான எண்ணுக்கு அனுப்பிவிட்டேன்' என்று தொடங்கி வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, கடைசியில் முதலீட்டு வலையில் தள்ளும் கும்பல்கள் தென்கிழக்கு ஆசியாவில் தொழிற்சாலை போல இயங்குகின்றன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இந்த வேலையில் கட்டாயமாக அடைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. 2022-இல் மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. அதாவது, உங்களிடம் இனிக்கப் பேசும் அந்த அந்நியரே ஒரு கைதியாக இருக்கலாம். பணம் பற்றிய பேச்சு வந்த கணத்தில் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இப்போது எந்திரமே வழவழப்பான முதல் செய்தியை நொடியில் எழுதித் தருகிறது. ஆகவே பிழையில்லாத நடையும் பணிவும் இனி நம்பிக்கைக்கு அடையாளம் ஆகா. படத்தை உற்றுப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும் அந்தக் கல்தூண் பள்ளம் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

சேர்ந்து தூக்கும் சுமை

நல்ல பேச்சுக்கு நான் கண்ட உறுதியான அடித்தளம் பொது வேலை. 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வலையேற்றினார்கள். இப்படிப்பட்ட வேலையில் முதல் வரிக்கு யாரும் திண்டாட வேண்டியதில்லை. 'இந்த அடியில் ஒற்று மிகுமா?' என்ற கேள்வியே அறிமுகம்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இந்த வகை. எதிராளி நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார் என்று எடுத்துக்கொள், புதிதாக வந்தவர் மேல் பாயாதே என்ற இரண்டு நெறிகளை விக்கிப்பீடியா தன் பங்களிப்பாளர்கள் முன் வைத்திருக்கிறது. எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இரு அந்நியர்களின் கண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நடுவில் இருக்கும் ஒரு கட்டுரையைப் பார்க்கும்போது பாதிக் கூச்சம் போய்விடுகிறது. பாலத்தடி மழையை இணையத்தில் நாமே பெய்விக்கும் வழி இது.

தொகுத்துச் சொன்னால்

ஆய்வுகளையும் மரபையும் பட்டறிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான். சாமர்த்தியமான முதல் வரி என்று ஒன்று இல்லை. மனப்பாடம் செய்து பத்துப் பேருக்கு அனுப்பக்கூடிய எந்த வரியும் பதினோராவது ஆளிடம் நாறும். எதிராளி வெளியில் வைத்திருக்கும் ஏதோ ஒன்றை உண்மையாகவே பார்த்திருக்க வேண்டும். அதில் நம் பங்குக்குச் சிறிதளவாவது வைக்க வேண்டும். அவருக்கு விடை தெரிந்த, சொல்வதில் அவருக்கு மகிழ்ச்சி தரக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும். பதில் சொல்லாமல் போகவும் வழி விட வேண்டும். 'நேரம் இருந்தால் எழுதுங்கள்' என்ற மூன்று சொல் அந்தக் கமலைக் கடிதத்தில் சும்மா இல்லை.

அப்படி எழுதியும் பத்தில் ஏழுக்குப் பதில் வராமல் போகலாம். அதில் அவமானம் ஏதுமில்லை. பாணர்கள் எல்லோரும் எல்லா வாசலிலும் பரிசில் பெற்றவர்கள் அல்லர்.

கமலைக்காரரோடு இரண்டு வருடமாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. சால், வடம், வால்கயிறு என்று தொடங்கி இப்போது மழைக்கணக்கில் நிற்கிறோம். அவர் வயது என்ன, என்ன வேலை, எவ்வளவு படித்தவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேற்று வந்த கடிதத்தில், அவர் ஊர்க் கவலை மாடுகளில் ஒன்றைப் பின்னோக்கி நடக்கப் பழக்க ஆறு மாதம் பிடித்ததாக எழுதியிருந்தார். எப்படிப் பழக்கினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.